இட்டேரியைத் திறந்தவர்

சூலூர்
6 ஜூலை 2024

பயிற்றுநர் அன்பு அவர்களுக்கு,

வணக்கம். இன்று மதியம் இணைய வகுப்பு நடந்துகொண்டிருந்தபோது மைக்கை அணைக்காமல், "ஏனுங்க, அந்தக் குக்கர எறக்கி வெய்யுங்க, சொல்லிச் சொல்லி ஓஞ்சுபோனேன்" என்று கத்தியது நான்தான். கோகிலாமணி. எல்லாரும் சிரித்தார்கள். நீங்கள் மட்டும் சிரிக்காமல், "புதுசா வர்ற எல்லாருக்கும் நடக்கறதுதாங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விட்டீர்கள். அதற்கு நன்றி சொல்லத்தான் இந்த மின்னஞ்சல். என் முகத்தில் சூடு இன்னும் குறையவில்லை.

எனக்கு ஐம்பத்தெட்டு வயது. கணவர் இங்கே விசைத்தறி நடத்துகிறார். மகள் ரித்திகா கனடாவில் இருக்கிறாள். "அம்மா, இந்தக் கலைக்களஞ்சியத்துல யாரு வேணும்னாலும் எழுதலாம். சும்மா போன் நோண்டறதுக்கு இதைக் கத்துக்க" என்று அவள்தான் உங்கள் பயிற்சியில் என் பெயரைப் பதிந்துவிட்டாள். எனக்குக் கணக்குத் தொடங்கவே ஒரு வாரம் ஆனது. மணல்தொட்டி என்று நீங்கள் சொல்லும் அந்தப் பழகுபக்கத்தில் எழுதி எழுதி அழித்ததைப் பார்த்தால் சிரிப்பீர்கள். ஆனாலும் எழுதியதைச் சேமித்ததும் அது அச்சில் வந்தமாதிரி எதிரே நிற்கிறதே, அதில் ஒரு சந்தோசம்.

எங்கள் ஊரைப் பற்றி ஒரு கட்டுரை எழுதியிருக்கிறேன். வேலாங்காட்டுப்புதூர், அன்னூர்ப் பக்கம். என் அப்பா அங்கப்பன் அங்கே ஊராட்சித் தலைவராக இருந்தவர். மூன்று வருசம் முன்னால் தவறிவிட்டார். அவர் செய்த நல்லதையும் கொஞ்சம் சேர்த்திருக்கிறேன். திருத்திக் கொடுங்கள்.

வகுப்பில் நீங்கள் முகம் காட்டுவதில்லை. திரையில் அன்பு என்ற பெயரும் ஓர் ஊதா வட்டமும்தான். குரலை வைத்து என் மகள் வயதிருக்கும் என்று நினைக்கிறேன். ஆகவே, கண்ணு, தவறு இருந்தால் தயங்காமல் சொல்.

இப்படிக்கு,
கோகிலாமணி


கணபதி, கோவை
9 ஜூலை 2024

கோகிலாமணி அம்மாவுக்கு,

வணக்கம். கட்டுரையைப் படித்தேன். நடை நன்றாக இருக்கிறது. மக்கள்தொகை, பயிர்கள், கோயில் பற்றிய பகுதிகளில் சிறு திருத்தங்கள் செய்திருக்கிறேன்.

'வரலாறு' பகுதியில் ஒரு வரி இருக்கிறது: "தோட்டங்களுக்கு நடுவே செல்லும் இட்டேரிப் பாதையை, காலனி மக்கள் இடுகாட்டுக்குச் சென்று வருவதற்காக, அப்போதைய ஊராட்சித் தலைவர் அங்கப்பன் மனமுவந்து வழங்கினார்." இதற்குச் சான்றாகக் கோயில் குடமுழுக்கு மலரைக் காட்டியிருக்கிறீர்கள். அந்த மலரை வெளியிட்டவர்கள் உங்கள் குடும்பத்தார். தொடர்பில்லாத மூன்றாம் தரப்பு எழுதியதைத்தான் சான்றாகக் கொள்ள முடியும். மேலும், சொந்தத் தந்தையைப் பற்றி நாமே எழுதுவதைத் தவிர்க்க வேண்டும். நமக்கு நெருக்கமானவர்களைப் பற்றி எழுதும்போது நடுநிலை தவறும் என்பது நம் பயிற்சியின் இரண்டாம் வகுப்பில் பார்த்ததுதான்.

அந்த வரியை நீங்களே எடுத்துவிடுவது நல்லது.

அன்பு


சூலூர்
14 ஜூலை 2024

கண்ணு அன்புக்கு,

நீ சொன்னதை யோசித்தேன். மற்றதெல்லாம் நீ சொன்னபடியே மாற்றிவிட்டேன். அந்த ஒரு வரியை மட்டும் எடுக்க மனம் வரவில்லை. வகுப்பில் கூட இருக்கும் பூஜிதாவிடம் காட்டினேன். "நல்லாத்தான்க்கா இருக்குது, போடுங்க" என்றாள். பொதுப் பக்கத்தில் ஏற்றிவிட்டேன்.

அப்பா பெரிய ஆள் எல்லாம் இல்லை. கோபக்காரர். என்னைக் காலேஜுக்கு அனுப்ப மாட்டேன் என்று சொல்லிவிட்டார், அஞ்சல் வழியில்தான் பி.ஏ. படித்தேன். அவரைப் பற்றிப் பெருமையாகச் சொல்லிக்கொள்ள எனக்கு இருப்பது இந்த ஒன்றுதான். இட்டேரி முனையில் இன்றும் அவர் பெயர் போட்ட கல் நிற்கிறது. அதைவிடச் சான்று என்ன வேண்டும்?

கோபித்துக்கொள்ளாதே. உன் குரல் போன வகுப்பில் ஒருமாதிரி இருந்தது. உடம்பு சரியில்லையா?

கோகிலாமணி


சூலூர்
29 ஜூலை 2024

அன்பு,

இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

போன வாரம் 'பள்ளத்துக்கரை' என்ற பெயரில் ஓர் ஆள் வந்து அப்பாவின் வரியை அழித்துவிட்டு வேறு எழுதியிருந்தார். அங்கப்பன் இட்டேரியை முள்கம்பி போட்டு அடைத்தாராம். அதனால் காலனியில் இறந்த ஒருவரின் உடலை மழைவெள்ளம் ஓடும் பள்ளத்தில் இறங்கித் தூக்கிப் போனார்களாம். தண்ணீரில் பாடை இரண்டு முறை நழுவியதாம். காலனிக்காரர்கள் மறியல் செய்து, அதிகாரிகள் வந்து கம்பியை அறுத்தார்களாம். 1998ஆம் வருச நாளிதழ் ஒன்றைச் சான்றாகக் காட்டியிருந்தார்.

உடனே அதை அழித்தேன். அவர் திரும்பப் போட்டார். நான் திரும்ப அழித்தேன். இப்படியே மாற்றி மாற்றி. கட்டுரையைப் பற்றி விவாதிக்கும் பேச்சுப் பக்கத்தில், "எங்கள் தோட்டத்தில் வேலை செய்து சோறு தின்றவர்களே இப்படிப் பொய் எழுதுவது நன்றிகெட்ட செயல்" என்று எழுதிவிட்டேன். அதற்குப் பிறகு ரியாஸ் என்ற நிர்வாகி என் கணக்கைத் தடை செய்துவிட்டார். என் பெயருக்குக் கீழே சிவப்புப் பெட்டியில் அறிவிப்பு நிற்கிறது. ரித்திகா அதைக் கனடாவிலிருந்து பார்த்துவிட்டு, "என்னம்மா செஞ்சு வெச்சிருக்க?" என்று கேட்டாள்.

அதையும் தாங்கிக்கொண்டேன். சனிக்கிழமை வகுப்பில், 'தொகுப்புப் போர் எப்படி நடக்கிறது' என்று, யார் எதை எழுதினார், யார் அழித்தார் என்று காட்டும் ஒரு பக்கத்தின் வரலாற்றைத் திரையில் காட்டினாய். பயனர் பெயரை மறைத்திருந்தாய். ஆனால் ஊர்ப் பெயர் தெரிந்தது. பூஜிதா எனக்குத் தனியாக, "அக்கா, இது நீங்களா?" என்று செய்தி அனுப்பினாள். நான் வகுப்பிலிருந்து வெளியேறிவிட்டேன். மைக் அணைந்திருக்கிறதா என்று மட்டும் முதலில் பார்த்துக்கொண்டேன், அழுவது கேட்டுவிடக் கூடாதே என்று.

நான் பேச்சுப் பக்கத்தில் எழுதியதை அழிக்க முடியுமா? அந்தப் பள்ளத்துக்கரை யாரென்று கண்டுபிடிக்க வழி உண்டா?

கோகிலாமணி


கணபதி
31 ஜூலை 2024

கோகிலாமணி அம்மாவுக்கு,

எழுதியதை நீக்கலாம். ஆனால் பக்கத்தின் வரலாற்றில் அது இருக்கும். யார் எழுதியதும் அங்கிருந்து அழிவதில்லை.

தடை ஒரு வாரத்துக்குத்தான். தானாகவே நீங்கிவிடும். வகுப்பில் ஊர்ப் பெயரை மறைக்காமல் விட்டது என் பிழை. மன்னிக்க வேண்டும்.

ஒரு பயனர் யாரென்று வெளியிடக் கூடாது என்பது விதி.

அந்த நாளிதழ்ச் செய்தியை நீங்கள் படித்துப் பார்த்தீர்களா?

அன்பு


சூலூர்
12 ஆகஸ்ட் 2024

அன்பு கண்ணுக்கு,

உன் கடைசிக் கேள்விக்குப் பதில்: படிக்கவில்லை. படிக்காமல்தான் பொய் என்று எழுதினேன்.

நேற்று ஊருக்குப் போனேன். தம்பிதான் இப்போது தோட்டத்தைப் பார்க்கிறான். சாப்பிட்டு முடித்ததும் அப்பாவைப் பற்றிக் கேட்டேன்.

"ஏப்பா, அந்த இட்டேரிய அய்யன் அடைச்சாரா?"

அவன் பல் குத்திக்கொண்டிருந்தான். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "ஆமா. அவனுக கூலி சேத்திக் கேட்டானுகன்னு அடைச்சாரு. பொறவு தொறந்து உட்டாச்சல்ல?"

"அவரு தொறந்தாரா, அறுத்தாங்களா?"

"இப்ப எதுக்குங்க்கா அதெல்லாம்? அடைச்சதும் அய்யன்தான், தொறந்ததும் அய்யன்தான். தொறந்ததப் போடுங்க, அடைச்சத உடுங்க."

தம்பி மனைவி அடுக்களையிலிருந்து, "அறுத்ததுக்கப்பறந்தானுங்க அண்ணி கல்லு வெச்சாங்க" என்றாள். தம்பி அவளை ஒரு பார்வை பார்த்தான்.

எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது, கண்ணு. எனக்கு மட்டும் தெரியாது என்று சொல்லவும் வாய் வரவில்லை. நான் சூலூரில் வாக்கப்பட்டு இருந்தேன், அது நிஜம். ஆனால் பொங்கலுக்குப் பொங்கல் போனேனே? அந்தக் கல்லைப் பார்த்தேனே? மாடு ஓட்டிப் போகும் வழிக்கு எதற்கு இவ்வளவு பெரிய கல் என்று ஒரு நாளாவது கேட்டிருக்கலாம். கேட்காமல் இருந்தது எனக்கு வசதியாக இருந்திருக்கிறது.

சாயங்காலம் இட்டேரி வழியாக நடந்து பள்ளம் வரை போனேன். இப்போது தண்ணீர் இல்லை, வேலிக்காத்தான் மண்டிக் கிடக்கிறது. கரை செங்குத்தாக இருக்கிறது. நான் வெறும் ஆளாக இறங்கவே மரத்தைப் பிடிக்க வேண்டியிருந்தது. தோளில் ஒரு பாடையை வைத்துக்கொண்டு, மழையில்...

தடை நீங்கிவிட்டது. நான் ஒன்றும் எழுதவில்லை. எழுதத் தகுதி இல்லை. ஒரு உதவி மட்டும் செய். அந்தப் பள்ளத்துக்கரை யாரென்று நீ சொல்லக் கூடாது, சரி. நான் எழுதுவதை அவரிடம் சேர்க்கவாவது முடியுமா? அவரை நன்றிகெட்டவர் என்று உலகம் பார்க்க எழுதினேன். அவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

கோகிலாமணி


கணபதி
16 ஆகஸ்ட் 2024

கோகிலாமணி அம்மாவுக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்றே பதில் எழுத உட்கார்ந்தேன். முடியவில்லை.

பள்ளத்துக்கரை நான்தான்.

என் முழுப்பெயர் அன்புச்செல்வி. என் அப்பா பெயர் நஞ்சப்பன். பள்ளத்தில் இறக்கித் தூக்கிப் போனது அவரைத்தான். எனக்கு அப்போது ஏழு வயது. கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பாடை நழுவியபோது அம்மா தண்ணீரில் குதித்து அப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டாள். அதன்பின் நாங்கள் அந்த ஊரில் இருக்கவில்லை. கணபதிக்கு வந்தோம். அம்மா பம்புசெட் பட்டறையில் வேலை செய்து என்னைப் படிக்க வைத்தாள்.

உங்கள் கட்டுரையில் ஊர்ப் பெயரைப் பார்த்ததும் நான் செய்திருக்க வேண்டியது எளிது. 'எனக்கும் இந்த ஊருக்கும் தொடர்பு உண்டு, வேறு பயிற்றுநரைக் கேளுங்கள்' என்று ஒரு வரி எழுதியிருக்க வேண்டும். அல்லது என் சொந்தப் பெயரில் பேச்சுப் பக்கத்தில் அந்தச் செய்தியைக் காட்டியிருக்க வேண்டும். இதைத்தானே வகுப்பில் சொல்லிக்கொடுக்கிறேன்! செய்யவில்லை. சொன்னால் நான் யாரென்று தெரிந்துவிடும். தெரிவதில் எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த வெட்கம் என்னுடையதில்லை, அதைப் படவேண்டியவர்கள் வேறு ஆட்கள் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் இருந்தது. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் என்னைக் கண்ணு என்று கூப்பிட்டீர்கள். அங்கப்பன் மகள் என்னைக் கண்ணு என்கிறார் என்று எரிச்சலாக வந்தது. அது நின்றுவிடுமோ என்று பயமாகவும் இருந்தது. இரண்டும் ஒன்றாக இருந்ததை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

ஒருவரே இரண்டு கணக்கு வைத்துக்கொண்டு ஒரே பக்கத்தில் மோதுவதைக் கைப்பாவைக் கணக்கு என்போம். எங்களிடையே அதைவிடக் கேவலமான செயல் இல்லை. அதை என்னிடம் கற்க வந்த ஒருவருக்கு எதிராகச் செய்தேன். நீங்கள் திரும்பத் திரும்ப அழிப்பீர்கள், தடை விழும் என்று தெரிந்தேதான் போட்டுக்கொண்டிருந்தேன். நன்றிகெட்ட செயல் என்று நீங்கள் எழுதியதைப் பார்த்தபின் அந்தப் பக்கத்தை வகுப்பில் காட்டினேன். வேறு எடுத்துக்காட்டு இல்லாமல் இல்லை. ஊர்ப் பெயரை மறைக்க மறக்கவும் இல்லை. போன கடிதத்தில் பிழை என்று எழுதியது பொய்.

எழுதியது உண்மைதானே என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். உண்மைதான். அதை ஒளிந்து நின்று எழுதினேன். என் அப்பாவுக்காக முதல் தடவையாக ஒன்று செய்தேன், அதையும் முகத்தை மூடிக்கொண்டு செய்தேன்.

ரியாஸிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர், "உங்க கிட்ட இத நான் எதிர்பார்க்கலைங்க அன்பு" என்றார். இரண்டாம் கணக்கை நிரந்தரமாகத் தடை செய்தார். பயிற்றுநர் பொறுப்பிலிருந்து நானே விலகிக்கொண்டேன். காரணத்தை எல்லாரும் பார்க்கும்படி என் பயனர் பக்கத்தில் எழுதியிருக்கிறேன். கட்டுரையை ரியாஸ் நாளிதழ்ச் செய்தியைப் பார்த்துத் தானே எழுதிவிட்டார். பாதை அடைக்கப்பட்டதும், மறியலும், திறக்கப்பட்டதும் இருக்கின்றன. பாடை நழுவிய வரி இல்லை. அது செய்தியில் வரவில்லை. அதற்குச் சான்று நானும் அம்மாவும்தான். நாங்கள் சான்றாக மாட்டோம்.

நீங்கள் என்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டாம். நான்தான் உங்களிடம் கேட்க வேண்டும்.

அன்புச்செல்வி


சூலூர்
25 ஆகஸ்ட் 2024

அன்புச்செல்விக்கு,

முதலில் கோபம் வந்தது. மறைக்க விரும்பவில்லை. இத்தனை நாள் நான் அழுது எழுதியதையெல்லாம் படித்துக்கொண்டு சும்மா இருந்தீர்களே என்று. மறுநாள் உங்கள் கடிதத்தைத் திரும்பப் படித்தேன். காலைப் பிடித்துக்கொண்டாள் என்ற இடத்துக்கு வந்ததும் கோபத்தை வைத்துக்கொள்ள முடியவில்லை.

உங்களை நீ என்றும் கண்ணு என்றும் எழுதிவந்தேன். வயதில் சின்னவள் என்ற உரிமையில்தான். ஆனால் எங்கள் வீட்டில் உங்கள் தெருக்காரர்களை, வயது பார்க்காமல், எல்லாரும் எப்படிக் கூப்பிட்டார்கள் என்பது எனக்கு நினைவிருக்கிறது. தாத்தா வயதுக்காரரைக் கூட என் தம்பி வாடா போடா என்பான். இனி அந்த 'நீ' என் வாயிலிருந்து வந்தால் உங்களுக்கு எப்படிக் கேட்கும் என்று தெரியவில்லை. ஆகவே நீங்கள் என்றே எழுதுகிறேன். இது விலகல் இல்லை.

பேச்சுப் பக்கத்தில் என் பெயரில் ஒரு குறிப்பு வைத்துவிட்டேன். 'நான் அங்கப்பனின் மகள். மேலே நான் எழுதியது தவறு. செய்தியைப் படிக்காமல் எழுதினேன். நடந்தது உண்மை என்று என் குடும்பத்தாரே சொன்னார்கள்.' தம்பிக்கு யாரோ அதைக் காட்டியிருக்கிறார்கள். போனில், "இனி ஊட்டுப் பக்கம் வராதீங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டான்.

உங்கள் அம்மாவைப் பார்க்க வர வேண்டும். அவர்களிடம் கேட்டுச் சொல்வீர்களா? வேண்டாம் என்றால் வரமாட்டேன்.

கோகிலாமணி


கணபதி
28 ஆகஸ்ட் 2024

அம்மாவுக்கு,

கேட்டேன். அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். யாரென்று சொன்னதும் கை நின்றது. அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"வரட்டும். வர்றவங்கள வராதேன்னு நாம சொல்றதில்ல. ஆனா மன்னிப்பு கின்னிப்புன்னு கேக்க வேண்டாம்னு சொல்லிப்போடு. அவுங்க கேட்டா, பரவால்லீங்கன்னு நாஞ் சொல்லோணும். அதச் சொல்ல எனக்கு இஷ்டமில்ல."

ஞாயிற்றுக்கிழமை வீட்டில்தான் இருப்போம். கணபதி நிறுத்தத்தில் இறங்கிப் போன் செய்யுங்கள், நான் வந்து கூட்டிப்போகிறேன்.

நீங்கள் என்னை எப்படிக் கூப்பிட்டாலும் சரி. அதை நான் கேட்டு வாங்க முடியாது இல்லையா?

அன்புச்செல்வி


சூலூர்
3 செப்டம்பர் 2024

அன்புச்செல்விக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். உங்களைத் திரையில் ஊதா வட்டமாகவே பார்த்திருந்தேன். பேருந்து நிறுத்தத்தில் நின்ற பெண் வாய் திறந்து "வாங்க" என்றதும்தான் அடையாளம் தெரிந்தது. நாம் இருவருமே பேச ஒன்றும் கிடைக்காமல் வகுப்பைப் பற்றியே பேசிக்கொண்டு நடந்தோம், நினைவிருக்கிறதா? புதிதாக வருபவர்களுக்கு மேற்கோள் சேர்ப்பது ஏன் வருவதில்லை என்று.

நீங்கள் பால் வாங்கக் கடைக்குப் போயிருந்த கொஞ்ச நேரத்தில் நடந்ததை உங்கள் அம்மா சொல்லியிருக்க மாட்டார்கள். உங்களுக்குத் தெரிய வேண்டும் என்று எழுதுகிறேன்.

அவர்கள் சொன்னபடியே நான் ஒன்றும் கேட்கவில்லை. நாற்காலியில் உட்காரச் சொன்னார்கள். அவர்களும் எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார்கள். பக்கத்துப் பட்டறையில் கடைசல் இயந்திரம் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அவர்கள்தான் ஆரம்பித்தார்கள்.

"உங்கய்யன் எப்பத் தவறுனாருங்க?"

"மூணு வருசம் ஆச்சுங்க."

"மழைக்காலமா?"

"இல்லீங்க. மாசி மாசம்."

"எப்படி எடுத்தீங்க?"

நான் சொல்ல வேண்டியிருந்தது. பூப்பல்லக்குக் கட்டியது, மேளம் வைத்தது, அன்னூரிலிருந்தும் அவிநாசியிலிருந்தும் ஆட்கள் வந்தது, தார் ரோட்டில் வண்டிகள் ஒதுங்கி நின்றது. சொல்லச் சொல்ல என் குரல் உள்ளே போய்க்கொண்டே இருந்தது. ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டார்கள். முடித்ததும், "நல்லா எடுத்தீங்களா?" என்று கேட்டார்கள்.

"எடுத்தோம்ங்க."

"அது போதும். செத்தவங்கள நல்லா எடுக்கோணும்."

அவ்வளவுதான். எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார்கள். நீங்கள் பாலோடு வந்தபோது நான் ஏன் தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தேன் என்று கேட்டீர்கள். களைப்பு என்றேன்.

நல்லா எடுத்தீங்களா என்று கேட்டபோது அவர்கள் முகத்தை நன்றாகப் பார்த்தேன். ஒரு குத்தல் இருக்கும் என்று தேடினேன். இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்கள். குத்திக் காட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு கொஞ்சம் இலேசாக வீட்டுக்கு வந்திருப்பேன்.

கோகிலாமணி